‘மோகமுள்’ நாவலில் இருந்த தனிமை படத்தில் ஏன் குறைவாகத் தெரிகிறது?

படம் மோசம் என்பதால் இல்லை. தி.ஜானகிராமன் அந்தத் தனிமையை எழுதியது கதாநாயகன் பாபுவின் மண்டைக்குள். கும்பகோணத்தில், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நினைத்து அவன் குமைவது பக்கம் பக்கமாக ஓடும். குழித்துறை ஆற்றங்கரையில் உட்கார்ந்து படித்தபோது, வாசிப்பை நிறுத்தி நிறுத்தித்தான் என்னால் போக முடிந்தது. 1995-இல் வந்த ஞான ராஜசேகரனின் படத்தில் அதற்கு ஒரு முகமும் சில நிமிஷங்களும்தான். கேமராவுக்கு நினைப்பு தெரியாதே!

தங்கம்மாவைப் பாருங்கள். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். நாவலில் அவள் பாபுவைத் தேடி வரும் இரவைவிட, அதற்குப் பிறகு அவனை அரிக்கும் குற்ற உணர்வுதான் பெரிது. திரையில் அந்த இரவு தங்கிவிடுகிறது, அரிப்பு நழுவிவிடுகிறது.

ஆனால் பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா விஷயத்தில் படம் ஜெயிக்கிறது. எழுத்தில் கற்பனை செய்துகொண்ட சங்கீதம் இளையராஜா இசையில் காதில் விழுகிறது. ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு வேறு. மலையாளப் படம் பார்த்தே வளர்ந்த எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு அவர் வீட்டு மனுஷன் மாதிரி.

நாவலை முதலில் படியுங்கள். படத்துக்கு ஒரு மாசம் இடைவெளி விடுங்கள்.