நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்குப் பணம் வர கமிஷன் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். பத்து பர்சென்ட் கொடுத்தால்தான் ஃபைல் நகரும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் வீட்டிலும் பாதிப் பேர் "கொடுத்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இரு" என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

நான் நகரி பக்கம். சித்தூர் மாவட்டம்தான், ஆனால் எங்கள் தெருவில் தமிழ்தான். எந்தச் சாலை, எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். நைனாவின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எங்களுடையது டி.கே.டி. பட்டா. நிலமில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த நிலம், தாத்தா பேரில் வந்தது. அதில் நைனா வைத்து வளர்த்த தோத்தாபுரி மாமரங்கள், ஒரு போர்வெல். அளக்க வந்தவர்கள் வரப்பைத் தாண்டவில்லை. ஜாயின்ட் சர்வே ரிப்போர்ட் நகலை வாங்கிப் பார்த்தால் 'மானாவாரி, காலி நிலம்' என்று இருக்கிறது. காய் எலுமிச்சை அளவுக்குத் திரண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கிய மாதம் அது. ஒரு மரம்கூடவா கண்ணில் படவில்லை?

கொஞ்ச நாளில் புரோக்கர் வந்தார். "டி.கே.டி.க்கு மார்க்கெட் ரேட் கெடையாதும்மா, சும்மா ஏதோ குடுப்பாங்க. பத்து பர்சென்ட்டுக்குச் சரின்னா மரத்தையும் ஏத்திடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பச்சைப் பொய். இப்படி அரசு ஒப்படைத்த நிலத்துக்கும் தனியார் பட்டா நிலத்துக்குச் சமமான இழப்பீடு தர வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2004லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் உண்டு. நிலத்தின் சந்தை மதிப்பு, கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையான எண்ணால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைச் சேர்ப்பார்கள். வரும் மொத்தத்துக்கு இன்னொரு 100 சதவீதம் ஆறுதல் தொகை. ஆக, ஒரு மரம் விட்டுப்போனால் இரண்டு மரத்தின் பணம் போகிறது. அது தெரிந்துதான் முதலில் மரத்தில் கைவைக்கிறார்கள்.

நாங்கள் மரங்களைப் போட்டோ எடுத்து, எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். அலைய வைத்தார்கள். கடைசியில் தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்து மரத்துக்கு மரம் பெயின்டில் நம்பர் போட்டுப் போனார்கள். கமிஷன் கொடுத்தவர்களுக்கு எங்களுக்கு முன்பே பணம் வந்தது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் எங்கள் மரங்களின் பணம் முழுசாக எங்களுக்கே வந்தது. நிலத்துக்குப் போட்ட ரேட்டை ஒப்புக்கொள்ளாமல் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் விசாரணைக்குப் போயிருக்கிறோம். அந்த வழி நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது.

உடனே "வளர்ச்சிக்கு எதிரி" என்று கிளம்பி வராதீர்கள். ரோடு எங்களுக்கும் வேண்டும், எங்கள் மாங்காய் லாரியும் அதில்தான் போகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வந்த நோட்டீஸ் தெலுங்கில் மட்டும். அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கமே இருந்துவிட்டோம். தெலுங்கு மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, வீட்டில் இரண்டும் பேசுகிறோம். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த நைனா மாதிரி பெரியவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பார்கள்? அதே புரோக்கரிடம்தான். தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துச் சேர்த்துக் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகிவிடும்?

ஊழல் தடுப்புச் சட்டத்தில் வந்த 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவர் மீதும் வழக்கு வரும். வற்புறுத்தலில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் கொடுத்தால்தான் தப்பலாம். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இறந்துபோனவர் பேரில் இருந்தால் முதலில் ஃபேமிலி மெம்பர் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் போனால் அதைச் சொல்லியே மறுபடி பர்சென்டேஜ் கேட்பார்கள்.