கார் இன்ஜின் சூடாகிறதா? கேள்வி பதில்

கே: சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறுகிறது. பைபாஸில் போனால் இறங்கிவிடுகிறது.

ப: ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் நல்லது. டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். ஏசிக்கும் சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), கடைசியாக மோட்டார் என்று பாருங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், உள்ளே கையை விடாதீர்கள்.

கே: எனக்கு நேர்மாறு. ஊருக்குள் சரி, வேகமாகப் போனால் சூடு.

ப: ரேடியேட்டர் அடைப்பாக இருக்கும். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியா? உப்புப் படிந்திருக்கும்.

கே: ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கலாமா?

ப: சூட்டில் கூடவே கூடாது. மூடியில் 0.9 அல்லது 1.1 பார் (அழுத்த அளவு) என்று போட்டிருக்கும். அந்த அழுத்தம்தான் 100 டிகிரிக்கு மேலும் கூலன்டை (இன்ஜினை ஆற்றும் திரவத்தை) கொதிக்காமல் பிடித்து வைக்கிறது. திறந்த கணமே கொதித்து முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தடித்த துணியால் அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருக்கும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

கே: காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது சார்.

ப: நிறமும் பிசுக்கும் இல்லையென்றால் ஏசித் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம்.

கே: நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

ப: வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் சீக்கிரம் சூடேறி அந்தச் சூட்டிலேயே நிற்கத்தான் அந்த வால்வு. கழற்றினால் இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிவிடும்.

கே: நாங்கள் பத்து வருஷமாகக் கழற்றித்தான் ஓட்டுகிறோம். ஒன்றும் ஆகவில்லையே?

ப: மைலேஜைக் கணக்குப் பார்த்தீர்களா? சில இன்ஜின்களில் ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை அடைப்பதும் இதே வால்வுதான். அது இல்லாவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூடு குறையாது, கூடும். சந்தேகம் இருந்தால் வால்வை நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். வால்வில் 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். கொதித்தும் திறக்கவில்லையா, புதிதாக வாங்கிப் போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

கே: ஆயில் மூடியில் காபி நிற நுரை, ரிசர்வ் டேங்கில் ஓயாமல் குமிழி.

ப: ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

கே: சூட்டோடு மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

ப: மூன்றாவது கேள்வியைப் படியுங்கள்.