கேளுங்கள், கணக்குப் பார்ப்போம்

கேள்வி: 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். என் மகனுக்குச் சம்பளம் 10 லட்சம், வாங்கிய சில மாதங்களிலேயே பங்குகளை விற்றதில் லாபம் 1 லட்சம். ஆடிட்டர் 20,800 ரூபாய் கட்டச் சொல்கிறாரே? (ஈரோடு வாசகி)

பதில்: ஆடிட்டரைத் திட்டாதீர்கள், அவர் போட்ட கணக்கு சரி. புதிய வருமான வரி முறையில் 4 லட்சத்தைத் தாண்டினாலே வரி தொடங்கிவிடுகிறது. 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரும், அதைத் தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவுதான். பங்கு லாபத்துக்குத் தனி விகிதம் என்பதால் இந்தத் தள்ளுபடி அதைத் தொடாது. ஓராண்டுக்குள் விற்றால் 15 சதவீதமாக இருந்ததை 2024 ஜூலையில் 20 ஆக்கியதும் இதே அரசுதான். தலைப்புச் செய்தியில் 12 லட்சம் மட்டும்தானே வந்தது! 1 லட்சம் லாபத்துக்கு 20,000, மிச்ச 800 ரூபாய் அந்த வரிமேல் போடும் 4 சதவீத செஸ்.

கேள்வி: செஸ்ஸும் வரிதானே, ஏன் தனிப்பெயர்? (மதுரை வாசகர்)

பதில்: கட்டுகிற நமக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் வரி என்று வசூலித்தால் நிதிக்குழு சொன்னபடி 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், செஸ், சர்சார்ஜ் என்று வசூலித்தால் கொடுக்க வேண்டியதில்லை. 2022 மே மாதத்துக்குப் பிறகு பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய 19.90 ரூபாயில் பங்கிட வேண்டிய அடிப்படை வரி வெறும் 1.40. அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போய், அதிலும் தமிழ்நாட்டின் அப்போதைய பங்கான 4.079 சதவீதத்தைப் பார்த்தால் லிட்டருக்கு இரண்டரை பைசாகூடத் தேறாது. அந்த செஸ் பணத்தில் ரோடு போடுகிறார்களே என்பீர்கள். சரி, போடுகிறார்கள், ஆனால் எந்த ரோடு என்று டெல்லிதான் முடிவு செய்யும். (மாநிலத்தின் வாட் வரி தனி, அதில் சென்னையும் ஒன்றும் தாராளமில்லை.)

கேள்வி: பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சகத்தில் அல்வா கிண்டுகிறார்களே, அது யாருக்கு? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் ஊருக்குத்தான் உரிமை! அது அங்குள்ள ஊழியர்களுக்கு. அதைச் சாப்பிட்ட பிறகு பட்ஜெட் வாசித்து முடிக்கும்வரை பாவம், அவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. நமக்கானதை பிப்ரவரி 1-ஆம் தேதி தேடாதீர்கள். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை இறங்கியபோது, பங்க்கில் விலையைக் குறைக்காமல் பெட்ரோல் வரியில் 2 ரூபாய் கூட்டினார்களே, அது எந்த பட்ஜெட் உரையிலும் இல்லை.