வாதத்தைப் பலவீனப்படுத்தும் வினா: கடைசி இரண்டு விடைகளில் தடுமாறும் வாசகிக்கு

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். உயர்தரத்தில் அளவையியல் கற்றேன். இப்போது கனடாவில் சட்டம் பயில்வதற்காக எல்சாட் (LSAT) என்ற சட்டக்கல்வி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகிறேன். வாதத்தைப் பலவீனப்படுத்தும் கூற்றைத் தெரிவுசெய்யச் சொல்லும் வினாக்களில், மூன்று விடைகளை நீக்கியபின் எஞ்சும் இரண்டில் பிழையானதையே எடுத்துவிடுகிறேன். விசேட வகுப்பில் சேர வேண்டுமா?

பதில்: மூன்றைச் சரியாக நீக்க முடிகிறதென்றால் உங்களுக்கு வாசிப்பு விளங்குகிறது. உயர்தர அளவையியலில் ஒரு வாதம் வலிதா, வலிதற்றதா என்று தீர்ப்புச் சொல்லவே பழக்கப்பட்டீர்கள். இங்கோ வாதத்தை முற்றாக உடைக்கும் விடையைத் தேட வேண்டியதில்லை. முடிவின் மீதுள்ள நம்பிக்கையைச் சற்றுக் குறைத்தாலே போதும். நமது பாடத்திட்டம் இந்த இடைநிலையைப் பழக்காமல் புள்ளித்திட்டத்துக்கு விடை எழுதவே கற்றுக்கொடுக்கிறது என்பது எனது நெடுநாள் எரிச்சல்.

வகுப்பு விளம்பரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். “எங்களிடம் பயின்றவர்களின் சராசரிப் புள்ளி, தாமாகப் படித்தவர்களின் சராசரியைவிட அதிகம், ஆகவே எங்கள் பயிற்சியே புள்ளியை உயர்த்துகிறது.” உங்கள் கையில் எஞ்சிய விடைகள் இரண்டு என வைப்போம்: அங்கு பயின்ற சிலர் மிகக் குறைந்த புள்ளியே பெற்றார்கள் என்பது ஒன்று, நுழைவுத் தேர்வில் உயர்ந்த புள்ளி எடுத்தவர்களை மட்டுமே அவ்வகுப்பு சேர்த்துக்கொள்கிறது என்பது மற்றையது. முதலாவது வகுப்பைக் குறைகூறுவதுபோல் ஒலிப்பதால் கை அதன்மீது போகும். ஆனால் வாதம் சராசரியைப் பற்றியது. சிலர் தவறியும் சராசரி உயர்ந்தே இருக்கலாம். இரண்டாவது விடை, அந்த உயர்வுக்குப் பயிற்சியைத் தவிர வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. எடுகூற்றை, அதாவது வாதம் ஆதாரமாகக் காட்டும் கூற்றை, மறுக்கப் போகாமல், அதிலிருந்து முடிவுக்குத் தாவும் இடைவெளியில் கை வையுங்கள். விடைகளைப் படிக்குமுன் முடிவை உங்கள் சொற்களில் ஒரு வரியில் சொல்லிப் பார்த்தால் அவ்விடைவெளி தெரியும். வினாவே விடைகளை உண்மையெனக் கொள்ளச் சொல்வதால், ‘இப்படி நடக்குமா?’ என்று யோசித்து நேரத்தை இழக்காதீர்கள்.

ஒரேயொரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். “பின்வருவனவற்றுள் ஒன்றைத் தவிர ஏனையவை வாதத்தைப் பலவீனப்படுத்தும்” என்று வரும் வினாவில் நான்கு விடைகள் பலவீனப்படுத்துபவை. எஞ்சும் ஐந்தாவது வாதத்தைப் பலப்படுத்த வேண்டுமென்ற கட்டாயமில்லை; அது வாதத்துக்குச் சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம். பலப்படுத்தும் விடையைத் தேடி, அது கிடைக்காமல் நன்கு படிக்கும் பிள்ளைகளும் திணறுகிறார்கள். தேட வேண்டியது பலவீனப்படுத்தாத விடையை. பலப்படுத்தும் விடை அதில் ஒரு வகை மாத்திரமே.

வகுப்பைப் பற்றி. ‘இரகசியச் சூத்திரம்’, ‘புள்ளிக்கு உத்தரவாதம்’ என்று வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கைநிறையத் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்களுக்கு முற்பணம் கட்டாதீர்கள். இவர்களிற் சிலர் விற்கும் போட்டோகொப்பிக் கட்டுகளில் பாதி, 2024 ஓகஸ்டுடன் பரீட்சையிலிருந்து நீக்கப்பட்ட தர்க்கப் புதிர்கள். இன்று புள்ளி கணிக்கப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்க நியாயிப்பு, ஒன்று வாசிப்பு விளக்கம். புள்ளிக்குச் சேராத பகுதி ஒன்றும் இடையில் வரும், அது எதுவென்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பரீட்சையை நடத்தும் அமைப்பே தனது லோஹப் (LawHub) இணையத்தளத்தில் முழுமையான பயிற்சித் தேர்வுகள் சிலவற்றை இலவசமாகத் தருகிறது. கட்டணத்தை டொலரில் கட்டவைக்கும் அந்த அமைப்பு செய்யும் நல்ல காரியம் இது. இதைத்தான் இங்குள்ள இடைத்தரகர்கள் அச்சிட்டு விற்கிறார்கள்.

முதலில் அவற்றை நேரம் பாராமல் செய்யுங்கள். பிழைத்த ஒவ்வொரு வினாவிலும், நீங்கள் எடுத்த விடை எந்த முடிவைத் தாக்குகிறது என்று எழுதுங்கள். அது பெரும்பாலும் வாதத்தின் முடிவுக்குப் பக்கத்தில் நிற்கும் வேறொரு முடிவாக இருக்கும். இது பழகியபின் ஒரு பகுதிக்கு 35 நிமிடம் என்ற கணக்குக்கு வாருங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை என்பதால், பரீட்சையன்று எந்த வினாவையும் வெறுமையாக விட வேண்டாம்.