காலி அலமாரிகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் அக்கா மகள் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் கிளையில் பில் போடும் வேலையில் இருந்தாள். போன மாதம் எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. சரக்கு வரத்து குறைந்தபோதே வேறு வேலை தேடியிருக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் திட்டுகிறோம். கடைசிவரை ஏன் இருக்கிறார்கள் இவர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். ஒரு மாதப் பாக்கியை வாங்கிக்கொண்டு விலகலாம் என்றுதான் இருப்பார்கள்; அதற்குள் இரண்டாவது மாதமும் ஏறிவிடும். போனவர்களுக்கு யார் கூப்பிட்டுக் கொடுக்கப்போகிறார்கள்? அந்தப் பாக்கிதான் அவளைக் கட்டிப்போட்டது.

சுபிக்ஷா மளிகைக் கடைகள் நினைவிருக்கிறதா? 1997இல் திருவான்மியூரில் தொடங்கியது. குளிர்சாதனம் கிடையாது, பகட்டு கிடையாது, விலை மட்டும் குறைவு. எங்கள் வீட்டு மளிகைப் பட்டியல் பல வருடம் அங்கேதான் போயிற்று. பிறகு கடன் வாங்கி நாடெங்கும் விரிந்து, 2008இல் ஏறத்தாழ 1,600 கடைகள். 2009 தொடக்கத்தில் அத்தனையும் பூட்டு. காவலாளிகளுக்கே கூலி இல்லை. அவர்கள் போனதும் பல கடைகள் சூறையாடப்பட்டன.

அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வந்திருக்குமே என்பீர்கள். அன்றைய சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு சேவை வேண்டும். அந்தக் கடைகளில் பெரும்பாலானவை திறந்தே மூன்று வருடம் ஆகியிருக்கவில்லை! விரிந்த வேகமே ஊழியர்களுக்கு வினையாயிற்று.

சட்டம் தொழிலாளியை வரிசையில் முன்னால்தான் நிறுத்துகிறது. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பாக்கிக்கு நிறுவனச் சொத்தின்மேல் முதல் உரிமை உண்டு. ஆனால் சொத்து எது? மில்லை மூடினால் நிலமாவது இருக்கும். இங்கே கட்டடம் வாடகை, சரக்கு கடன். மிஞ்சுவது இரும்பு அலமாரியும் பில் இயந்திரமும். ரேஷன் கடையில் விடியற்காலையிலேயே போய் முதல் ஆளாக நின்று, அரிசி இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்புவது மாதிரி.

இப்போது செய்யவேண்டியது: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விவகாரம் திவால் வழக்காகத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால், நிறுவனத்தின் கடன்களைக் கவனிக்க அங்கே நியமிக்கப்பட்டவரிடம் பாக்கிக்கான கோரிக்கைப் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். கிளை ஊழியர்கள் சேர்ந்து ஒருவர் மூலமாகவும் கொடுக்கலாம். அதற்கு முன், இன்றிரவே அவளுடைய வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் மாதாமாதம் கட்டப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலை வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.