மூட்டக்கரியும் பிளாட்டினமும்: ஹைட்ரஜன் மின்கலம் பற்றிக் கேள்வி பதில்

சாயல்குடி, கரிமூட்டம் போடுபவர்: அண்ணே, ஹைட்ரஜன் மின்கலத்துக்குள்ளே கரித்தூள்தானாமே. நம்ம கருவேலங்கரி ஆகாதா?

அப்படியே ஆகாது தம்பி. ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து நீராக்கி மின்சாரம் எடுப்பதுதான் இந்த மின்கலம்; அதன் கரி மின்சாரம் கடத்த வேண்டும். ஒரு துண்டில் மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பாருங்கள், மின்சாரம் சரியாகக் கடத்தாது. காற்றுப் படாமல் 900, 1,000 டிகிரி வரை மறுபடி சுட வேண்டும். அப்புறம் சாம்பல். அதிலுள்ள இரும்பு மின்கலத்தின் அமிலத்தில் கரைந்து, நடுவே புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) கடத்தும் சவ்வைக் கெடுக்கும். வழக்கமாகப் போடுவது எண்ணெயை எரித்துப் பிடிக்கும் கார்பன் பிளாக், நம் விளக்குக்கரிக்குப் பெரியண்ணன். வல்கன் என்ற ரகத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்பு. ஆறு சென்ட் மனை! அதில்தான் வினையைத் தூண்டும் 2, 3 நானோமீட்டர் பிளாட்டினத் துகள்கள் குடியிருக்கின்றன.

கீழக்கரை, கல்லூரி மாணவி: சார், கார்பனை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தேன். பிளாட்டினம் சீராக உட்கார்ந்தது. பலமுறை நிறுத்தி ஓட்டியதும் மின்கலம் சோர்ந்துவிட்டது. ஏன்?

அமிலம் கார்பன் விளிம்பில் ஆக்சிஜனை ஒட்டவைக்கிறது: கார்பாக்சில், பீனால், குயினோன் என்ற ஆக்சிஜன் தொகுதிகளாக. பிளாட்டினம் பற்றிக்கொள்ள இவைதான் கொக்கி. அரிப்பும் அங்கேதான் வாய் வைக்கும். கணக்குப்படி 0.2 வோல்ட்டிலேயே கார்பன் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாகலாம். மிக மெதுவாக நடப்பதால் பிழைக்கிறோம். ஓட்டத் தொடங்கும்போது ஹைட்ரஜன் பக்கம் காற்று நின்றிருந்தால், எதிரே காற்றுப் பக்க மின்முனை 1.4 வோல்ட் வரை ஏறிவிடும். கரி கரையும், பிளாட்டினத் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். உங்கள் சைக்ளிக் வோல்டாமோகிராமில் (வோல்ட்டை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரையும் படத்தில்) 0.6 வோல்ட் பக்கம் ஒரு மேடு இருக்கிறதா? அது குயினோன். ஓட்ட ஓட்ட உயர்ந்தால் கரி அரிபடுகிறது. பலர் அந்தப் படத்தில் பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் ஒட்டி விலகும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இந்த மேட்டைத்தான்.

பாம்பன், நாட்டுப்படகுக்காரர்: 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் ஹைட்ரஜன் படகைத் தொடங்கி வைத்தார்களே, நமக்கும் வருமா?

ஐயா, அது ஆற்றில் ஓடக் கட்டிய படகு. இங்கே உப்புக்காற்றுதான் வம்பு. குளோரைடு பிளாட்டினத்தின் மேல் ஏறி இடம் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் பிளந்து நீராவதற்கு அடுத்தடுத்துக் காலியிடம் வேண்டும். கிடைக்காவிட்டால் பாதியில் நின்று ஹைட்ரஜன் பெராக்சைடாகி, சவ்வைத் தின்னும். பிளாட்டினமும் கரையும். குளோரைடைச் சுத்தமான நீர் ஓரளவு கழுவும். சவ்வில் புரோட்டானின் இடத்தைப் பிடித்த சோடியம் அமிலம் விட்டால்தான் இறங்கும். உப்பைப் பிடிக்கும் காற்று வடிகட்டி இல்லாமல் கடலில் இறக்கவே கூடாது.

தொண்டி: பிளாட்டினத்துக்குப் பதில் செம்பு?

கரைந்துவிடும். இரும்பும் நைட்ரஜனும் சேர்த்த கார்பனை முயல்கிறார்கள். அமிலத்தில் அதற்கு ஆயுசு குறைவு.