தண்ணீரை இறைக்க உடம்பில் மோட்டார் இல்லை

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "உடம்புக்குள் உப்பு எங்கே போகிறதோ அங்கேதான் தண்ணீரும் போகும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மும்பை வாசகர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை கேள்விகள், அதில் பாதி சமையலறையிலிருந்து. அதனால் இந்த மாதம் வேறு எதுவும் இல்லை, செல் சவ்வு மட்டும்தான்.

மார்க்கெட்டில் நல்ல உருண்டை வடு வந்திருந்தது. 2 கிலோ வாங்கி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு ஜாடியில் வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. நாலாம் நாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, வடு எல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. மாட்டுப்பெண் இதற்குப் பெயர் ஆஸ்மோசிஸ் என்கிறாள், சவ்வு தண்ணீரை விடும், உப்பை விடாதாம். விடாது என்றால் என் மாவடு எப்படி உப்புக் கரிக்கிறது?
- ஒரு மாமி, மாட்டுங்கா

மாமி, உங்கள் மாட்டுப்பெண் சொன்னது சரிதான், ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

வடுவில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிரப்பிய ஒரு பை. அந்தப் பையின் தோல்தான் சவ்வு. வெளியே கல்லுப்பு, அதுவும் காம்பு வெட்டிய இடத்திலும் தோலிலும் இருக்கும் ஈரத்தில் கரைந்து கெட்டியான உப்புநீராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கிற சாற்றிலும் ஏதேதோ கரைந்திருக்கும், ஆனால் வெளியே இருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. உப்பால் உள்ளே வர முடியாது, தண்ணீரால் வெளியே போக முடியும், எனவே இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துகிற வேலை தண்ணீர் தலையில் விழுகிறது. செல் காற்றுப் போன பலூன் மாதிரித் தொய்ந்து, சவ்வு தன்னைச் சுற்றியிருக்கும் சுவரை விட்டு விலகி உள்வாங்கிவிடும். அதுதான் சுருக்கம். வாடின கீரை மேல் மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்ததும் அது நிமிர்வது இதே கதை, திசை மட்டும் தலைகீழ்.

இதை முதலில் கவனித்து எழுதியவர் நொல்லே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1748-இல். சாராயம் நிறைந்த ஒரு புட்டியின் வாயைப் பன்றியின் மூத்திரப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் அந்தத் தோல் உப்பிக்கொண்டு வந்துவிட்டது, ஊசியால் குத்தினால் பீச்சி அடித்ததாம். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சாராயத்தால் அந்த வேகத்தில் வெளியே வர முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உப்பை வெளியே நிறுத்துவது உயிருள்ள சவ்வு. ஜாடியில் நாலைந்து நாள் தண்ணீரை இழந்து கிடந்தால் அந்தச் செல்கள் செத்துப்போகும், செத்த செல்லின் சவ்வுக்கு யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்கிற கணக்கெல்லாம் கிடையாது, உப்பும் மிளகாயும் கடுகும் தாராளமாக உள்ளே இறங்கிவிடும். மாவடு ஊறுகிறது என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது கட்டத்தைத்தான். நம்பிக்கை இல்லை என்றால் ஒரு பீட்ரூட்டை நறுக்கி, வெட்டுப்பட்ட இடத்தில் வழியும் சாயம் போகும்வரை அலம்பி, பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் துண்டுகளையும் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் துண்டுகளையும் போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கொதிநீர் இரத்தச் சிவப்பாகிவிடும். சூடு சவ்வைக் கொன்றுவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், பிரஷருக்கு நல்லது என்று மாவடுவில் உப்பைக் குறைக்காதீர்கள். வடுவிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் அதே உப்புதான் பூஞ்சையிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் உறிஞ்சி அவற்றை அடக்கி வைக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் தட்டில் விழும் வடுவின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புத்தகத்தில் ஓரிடத்தில் நீர் சவ்வின் கொழுப்பு அடுக்கு வழியாகவே போகும் என்றும், இன்னோரிடத்தில் அக்வாபோரின் வழியாகப் போகும் என்றும் இருக்கிறது. எதை எழுதினால் மார்க் கிடைக்கும்?
- பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, முலுண்ட்

இரண்டையும் எழுதும்மா, இரண்டும் உண்மை. சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று செய்த படலம், பருமன் 7, 8 நானோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டருக்குள் லட்சத்துக்கும் மேல் அடுக்கலாம். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால் இதெல்லாம் கொழுப்பில் கலக்கிற ஜாதி, கேட்காமலேயே உள்ளே போய்விடும். தண்ணீர் அப்படியில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆனால் சிறுநீரகத்திலும் இரத்தச் சிவப்பணுவிலும் தண்ணீர் போகிற வேகத்துக்கு இந்தக் கசிவு போதவே போதாது, தனி வாசல் ஏதோ இருக்கிறது என்று பல காலமாகச் சந்தேகம் இருந்தது.

வாசலைக் கண்டுபிடித்தவர் பீட்டர் ஆக்ரே. அவர் தேடியது வேறு, ஆர்எச் இரத்த வகைப் புரதத்தை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத புரதம் ஒன்றை 1988-இல் பிரித்தெடுத்தார்கள், அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1992-இல் அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பைத் தவளை முட்டைக்குள் செலுத்தி முட்டையை வெறும் தண்ணீரில் போட்டார்கள், சாதாரண முட்டை சும்மா இருக்க, இந்த முட்டை உப்பி வெடித்துவிட்டது. அந்தப் புரதம்தான் அக்வாபோரின். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது, பெரிய கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்தே பதில் தெரிந்துவிடுகிறது. 2003-இல் நோபல் பரிசு, ராடெரிக் மெக்கின்னனோடு சேர்த்து.

ஒரு அக்வாபோரின் வழியாக ஒரு நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும். அதுவும் சர்ச்கேட்டில் வண்டி நின்றதும் இறங்குகிற கூட்டம் மாதிரி இல்லை, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் பரீட்சையில் மறக்காமல் எழுத வேண்டியது ஒன்று உண்டு. அக்வாபோரின் வாசல் மட்டும்தான், அது யாரையும் தள்ளாது. உடம்பில் தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்ப் கிடையாது. பம்ப் எல்லாம் உப்புக்குத்தான், அதற்குச் சக்தி செலவாகும், தண்ணீர் இலவசப் பயணி.

போன வாரம் வெளியே சாப்பிட்டு வயிறு கலங்கிவிட்டது. எங்கள் ஏரியா டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கச் சொன்னார். உப்பு புரிகிறது. சர்க்கரை எதற்கு, தெம்புக்கா?
- ஒரு இளைஞர், தாராவி 90 அடி சாலை

தெம்புக்கு இல்லை தம்பி. உப்பை உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்கு.

உங்கள் கட்டடத்தில் கீழ்த் தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடி டாங்குக்குத் தண்ணீர் ஏற்றுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போதுதான் கரண்டு செலவு, ஏற்றிவிட்டால் கீழே வருவதற்குக் காசு வேண்டாம், வருகிற வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைக்கூடச் சுற்றவைக்கலாம். நம் செல்லில் அப்படி ஏற்றப்படுவது உப்பில் இருக்கும் சோடியம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ராப்பகலாக ஓடுகிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைக் கண்டுபிடித்தது நண்டுக் கால் நரம்பில் (நாம் நண்டுக் காலை ரசத்துக்கு மட்டும்தான் யோசிப்போம்), 40 வருஷம் கழித்து 1997-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள்.

இப்படி வெளியே ஏற்றி வைத்த சோடியம் திரும்ப உள்ளே விழத் தவித்துக்கொண்டிருக்கும். குடலின் உட்புறச் செல்களில் அதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் சோடியம் தனியாக வந்தால் அது திறக்காது, கையில் குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் திறக்கும். 1960-இல் ராபர்ட் கிரேன் சொன்னது இது. நாம் போடும் சர்க்கரையைக் குடல் உடைத்துக் குளுக்கோஸ் ஆக்குகிறது, குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகின்றன, பின்னாலேயே தண்ணீரும். காலராவில் குளோரைடு வாசல் ஒன்று மூடாமல் திறந்தே கிடப்பதால்தான் உப்பும் தண்ணீரும் குடம் குடமாகக் குடலுக்குள் கொட்டுகின்றன, ஆனால் அந்த நிலையிலும் இந்தக் குளுக்கோஸ் வாசல் வேலை செய்கிறது. அதுதான் அதிர்ஷ்டம்.

1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மஹலநபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரை டிரம்களில் நிரப்பிக் குழாய் வைத்து, நோயாளியின் உறவினர்களையே பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-இல், இறந்த பிறகு. இவ்வளவு தாமதம் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கலவைப் பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு, தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை உப்பு. ருசிக்காகச் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள், குடலில் சர்க்கரை அதிகமானால் மாவடு கதைதான், உடம்பிலிருக்கும் தண்ணீரை அது குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனமே 2002-இல் பழைய கலவையின் அடர்த்தியை லிட்டருக்கு 311-லிருந்து 245 மில்லி ஆஸ்மோலாக (கரைந்திருப்பதை அளக்கும் அலகு) குறைத்தது. கூல்டிரிங்க் வேண்டவே வேண்டாம்.

எனக்கு 67 வயது. சர்க்கரைக்குப் புது மாத்திரை கொடுத்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் யூரின் ரிப்போர்ட்டில் மூன்று பிளஸ். லேப் தப்பா, மாத்திரை தப்பா?
- ஓய்வு பெற்ற வாசகர், செம்பூர்

சார், மாத்திரையின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால் இரண்டும் தப்பில்லை.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதோடு இறங்கும் சர்க்கரையை, மேலே தாராவி தம்பிக்குச் சொன்னேனே, அதே குடும்பத்தைச் சேர்ந்த வாசல்கள் திரும்ப இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன. அதில் பெரும்பங்கு செய்யும் வாசலை இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது, இழுக்கப்படாத சர்க்கரை சிறுநீரில் போகிறது. போவதற்காகத்தான் மாத்திரையே. இதன் மூதாதை 1835-இல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து எடுத்த புளோரிசின் என்ற பொருள்.

சர்க்கரை போனால் கூடவே தண்ணீரும் போகும், அதனால் இரண்டு தடவை அதிகமாக எழுந்து போவீர்கள். வாந்தி, பேதி வந்தாலோ, விரதம் இருப்பதாக இருந்தாலோ அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரை அன்றைக்கே கேட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

மழைக்காலத்தில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஷூவுக்குள் பாதம் ஊறிச் சுருங்கிவிடுகிறது. இதுவும் ஆஸ்மோசிஸ்தானே?
- டோம்பிவிலி

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். முக்கியக் காரணம் நரம்பு. ஈரம் பட்டதும் நரம்பு உத்தரவு போட, தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன, தோல் உள்ளே இழுபடுகிறது. நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் சுருங்காது என்பது 1930-களிலேயே தெரியும்.

ஆர்.ஓ. என்றால் தலைகீழ் ஆஸ்மோசிஸ் என்கிறார்கள். தலைகீழ் எது?
- அந்தேரி

இயல்பாக விட்டால் நல்ல தண்ணீர்தான் உப்புத் தண்ணீர்ப் பக்கம் போகும். மெஷினில் உப்புத் தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் கொடுத்து எதிர்த் திசையில் தள்ளுகிறார்கள், அதற்குத்தான் உள்ளே அந்த மோட்டார் உறுமுகிறது. உடம்பில் இல்லாத மோட்டார் உங்கள் கிச்சனில் இருக்கிறது. இதற்கு உதவும் சவ்வை 1960-ஐ ஒட்டி கலிபோர்னியாவில் செய்தவர்கள் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். இரண்டாவது பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் ஞாபகம் வரும்.

என்னைக் கேட்டால், மாநகராட்சியின் ஏழு ஏரித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையில்லை, அதில் உப்பே குறைவு, கிருமிக்குக் கொதிக்க வைத்தால் போதும். போர்வெல்லோ டேங்கரோ வருகிற கட்டடம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடையுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு கூடுதல், மாட்டுங்கா மாமியின் வடு மாதிரி ஆகிவிடும்.